மொழி தெரிந்தவரை அழைத்து வருவது நோயாளியின் பொறுப்பல்ல: வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியசாலைப் பணிப்பாளர் அவர்களுக்கும் சுகாதார அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும்,

கொழும்பிலுள்ள உங்கள் வைத்தியசாலையின் கிளினிக் கட்டடத்தில், இலக்கத் துண்டு கொடுக்கும் யன்னலுக்குப் பக்கத்தில், இப்போது ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கிறது. மேலே சிங்களத்தில் பெரிய எழுத்து, கீழே தமிழில் சிறிய எழுத்து. சிங்களம் பேச முடியாத நோயாளர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கட்டாயம் உடன் அழைத்து வர வேண்டும் என்றும், அப்படி வராதவர்களைப் பார்ப்பதில் ஏற்படும் தாமதத்துக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது என்றும் அது சொல்கிறது. அடியில் உங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது.

அந்த அறிவித்தலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வைத்தியசாலையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே வேலை செய்பவர்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் அல்ல. அவர்களில் பலர் என் தாயை அன்போடு பார்த்தவர்கள். முத்திரை வைத்தவர் நீங்கள் என்பதால் கேள்வியை உங்களிடமே கேட்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால் பல ஆண்டுகளாக அவருடைய கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறேன். மருதானையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்வதால் எனக்குச் சிங்களம் தடையில்லாமல் வரும். எங்கள் வீட்டுக்கு இந்த அறிவித்தலால் நட்டமில்லை. ஆனால் அந்த நீளமான வாங்கில் காத்திருக்கும்போது, தாதியோடு நான் சிங்களத்தில் பேசுவதைக் கேட்டவுடன் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கொப்பிகளை என் பக்கம் நீட்டுவார்கள். "மகள், இதில் என்ன எழுதியிருக்கிறது?" "மகள், உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்." முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருபவர்கள். வவுனியாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பெரிய சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவ இடம் தேடிக்கொண்டு நேராக உங்கள் வாசலுக்கு வருபவர்கள். அவர்களோடு பல தடவை உள்ளே போயிருக்கிறேன். அந்த அறைகளில் நடப்பதைக் கண்ணால் பார்த்த காரணத்தால்தான் இதை எழுதுகிறேன்.

அறிவித்தல் ஒட்டப்பட்ட பிறகு நடந்த ஒன்றைக் கேளுங்கள். அம்மாவை ஒரு ஸ்கேனுக்காகப் பெண் நோயியல் பகுதிக்கு அழைத்துப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு தாய். கூடவே அவருடைய மகன், பாடசாலைச் சீருடையில், புத்தகப் பையோடு. ஏழாம் அல்லது எட்டாம் வகுப்புப் பிள்ளை. அறிவித்தலில் சொன்னபடி மொழி தெரிந்த ஒருவரை அந்தத் தாய் அழைத்து வந்திருந்தார். அவர் வீட்டில் சிங்களம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இருவரும் உள்ளே போனார்கள். இடையில் ஒரு திரைச்சீலைதான். பேச்சு வெளியே கேட்டது. கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, எத்தனை நாள் இரத்தம் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று வைத்தியர் கேட்டார். பையன் பேசவில்லை. வைத்தியர் திரும்பவும் கேட்டார். அவன் அம்மாவிடம் அரைகுறையாக ஏதோ முணுமுணுத்தான். தாய் உடனே, "வயிறு நோகிறது என்று மட்டும் சொல்லு" என்றார். அவன் அப்படியே சொன்னான். வைத்தியரும் அதையே எழுதியிருப்பார். வேறு எதை எழுதுவது?

என்னால் வெளியே உட்கார்ந்திருக்க முடியவில்லை. தாதியிடம் அனுமதி கேட்டு உள்ளே போனேன். பையனை வெளியே என் அம்மாவோடு இருக்கச் சொன்னேன். அவன் போன பிறகுதான் அந்தப் பெண் வாய் திறந்தார். வாரக்கணக்காக இரத்தம் நிற்காமல் போகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. வைத்தியர் அவருடைய கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளிறிப்போயிருந்தது. உடனே இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு, "நாங்கள் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்டார். இளம் வைத்தியர். களைப்பும் கவலையும் முகத்தில் தெரிந்தன. அவரில் நான் குறை காணவில்லை. அவருக்கும் அந்தத் தாய்க்கும் நடுவில் ஒரு பாடசாலைப் பிள்ளையை நிறுத்தியது நிர்வாகத்தின் அறிவித்தல். அன்று அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லாமல் போனது.

மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும் என்று உங்கள் அறிவித்தல் நினைக்கிறது. உள்ளே நின்று பாருங்கள். வைத்தியர் ஐந்து வசனம் பேசுவார். உடன் வந்தவர், "ஒன்றுமில்லையாம், மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கச் சொல்கிறார்" என்று முடித்துவிடுவார். நோயாளி தன் வருத்தத்தைக் கண்ணீரோடு விவரிப்பார். அது வைத்தியரிடம் "கால் நோகிறதாம்" என்று போய்ச் சேரும். கெட்ட எண்ணத்தால் அல்ல. அவர்களுக்கு அந்த வேலை தெரியாது. எனக்கும் தெரியாது. சிங்களத்தில் கணக்கு அறிக்கை எழுதத் தெரிந்தால் ஒரு சத்திரசிகிச்சையின் ஆபத்துகளை விளக்கத் தெரியும் என்று பொருளாகாது. எதை விடலாம், எதை விடக்கூடாது, எந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும், கேட்டதை வெளியே பேசாமல் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் வருவது. நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்குக்குக்கூட உரைபெயர்ப்பாளர் இருக்கிறார். கருப்பையை எடுக்க வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் இடத்தில் யாரும் இல்லை.

கணவனோ மாமியாரோ மொழி பெயர்க்கும்போது இன்னொரு ஆபத்தும் வருகிறது. கையில் இருக்கும் கண்டல் காயம் எப்படி வந்தது என்று தாதி கேட்டால், பதில் சொல்பவரே அந்தக் காயத்துக்குக் காரணமானவராக இருக்கலாம். இனிப் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் பெண் அதை மாமியார் வழியாக எப்படிச் சொல்வாள்? உறக்கமில்லை, பசியில்லை, வாழ்ந்தது போதும் என்று மனம் சொல்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரை அருகில் வைத்துக்கொண்டு எந்த மனிதரும் ஒரு வைத்தியரிடம் சொல்லமாட்டார். மனநல மருத்துவத்தில் பேச்சே பரிசோதனை. அங்கே மொழி இல்லையென்றால் ஸ்டெதஸ்கோப் இல்லாமல் நெஞ்சைப் பரிசோதிக்கப் போவதற்குச் சமம்.

யாரை அழைத்து வருவது என்ற கேள்வியையாவது அறிவித்தலை எழுதியவர் கேட்டுப் பார்த்தாரா? புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவர் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அவர் இன்னொருவரையும் அழைத்து வந்தால் இரண்டு வீட்டு அடுப்பு அன்று எரியாது. ஹற்றனிலிருந்து வந்து கொழும்பு வீடொன்றில் தங்கி வேலை செய்யும் பெண் யாரை அழைப்பார்? வீட்டுக்காரம்மாவையா? அவருக்குத் தெரியக்கூடாத வருத்தம் என்றால்?

இனி உரிமையைப் பற்றிப் பேசுகிறேன். நான் உங்களிடம் சலுகை கேட்கவில்லை. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரச கரும மொழியாக்கியது. 1988 இன் பதினாறாவது திருத்தம் நிர்வாகத்தில் அதன் இடத்தை வரையறுத்தது. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் உரித்துடையவர். கொழும்பு நகரத்தில் தமிழ் பேசுவோர் ஒரு மூலையில் ஒதுங்கி வாழும் சிலர் என்று யாரும் சொல்ல முடியாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு பிரதேச செயலாளர் பிரிவில் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களே பெரும்பான்மை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த ஆண்டு யூலைக்குப் பிறகு சேவையில் சேரும் அரச உத்தியோகத்தர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. போருக்குப் பிறகு அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல், எல்லா அரச அலுவலகங்களிலும் எந்நேரமும் தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் இருப்பதைக் கட்டாயமாக்கச் சொன்னது. இவ்வளவும் எழுத்தில் இருக்கும் நாட்டில், மொழியின் பொறுப்பை நோயாளியின் தலையில் வைக்கும் ஒரு தாளுக்கு உங்கள் முத்திரை எப்படி விழுந்தது என்பதை எனக்கு விளக்குங்கள்.

1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் நோயாளர் காவு வண்டிச் சேவை தமிழிலும் பேசுகிறது. 2016 இல் தொடங்கிய அந்தச் சேவை மூன்று மொழிகளிலும் அழைப்பை ஏற்கிறது. நெஞ்சு நோவென்று நள்ளிரவில் ஒரு முதியவர் தமிழில் சொன்னால் வண்டி வீட்டுக்கு வருகிறது. அதே முதியவர் உங்கள் வாசலில் இறக்கப்பட்டதும் அவருடைய பேச்சு யாருக்கும் புரியாமல் போகிறது. முடியும் என்று பக்கத்து வாசலில் நிரூபிக்கப்பட்ட காரியத்தை உங்கள் வாசலில் முடியாது என்று ஏன் சொல்ல வேண்டும்?

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்ற பேச்சையும் வரிசையில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் பிரசவ மருத்துவமும் இரசாயனமும் அவருடைய முயற்சியால் தமிழ் நூல்களாயின. 1884 இல் அவர் இறந்தார். தமிழில் படித்த அவருடைய மாணவர்கள் ஊர் ஊராக மருத்துவம் செய்தார்கள். ஒரு வெளிநாட்டவர் நோயாளியின் மொழியைத் தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தார். இதே தீவில் நடந்த வரலாறு இது.

என் சித்தி சிட்னியில் இருக்கிறார். ஆங்கிலம் அவருக்கு நன்றாக வராது. அங்குள்ள வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு முன்னர் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் இணைத்து, எல்லாவற்றையும் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்கினார்களாம். அவுஸ்திரேலியாவில் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவை தொடங்கியது 1973 இல். இன்று அது இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் வைத்தியசாலைகள், உயிராபத்தான அவசர வேளையில் தவிர, சிறு பிள்ளைகளை உரைபெயர்ப்புக்கு நம்பியிருக்கக்கூடாது என்று 2016 இல் விதி செய்யப்பட்டது. தமிழ் அங்கே எங்கும் அரச கரும மொழி அல்ல. அரச கரும மொழியாக இருக்கும் கொழும்பில் அந்தச் சிறுவன் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றான்.

மொழி வாசற்படி மட்டும்தான். அதைத் தாண்டிய பிறகு மனிதர்களின் வாழ்க்கை முறை இருக்கிறது. அதைக் கேட்டு அறியும் பழக்கமும் உங்களிடம் குறைந்துகொண்டே போகிறது.

மருந்து கொடுக்கும் யன்னலில் நிற்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிறிய கடதாசி உறைகளில் மாத்திரைகளைப் போட்டு, காலை இரவு என்று சிங்களத்தில் அச்சிட்ட இடத்தில் ஒரு கோடு இழுத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பாட்டி அந்த உறைகளை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பேரப்பிள்ளையிடம் கொடுத்துக் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் கீறச் சொல்வார். நீலப் பேனையால் கீறிய அந்தப் படங்களை நம்பித்தான் பிரஷர் மாத்திரையையும் சீனி மாத்திரையையும் குடிக்கிறார். பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? ஒரு பாட்டி கண்டுபிடித்த வழியை அச்சகத்துக்கு அனுப்ப அமைச்சினால் முடியாதா? உறையில் தமிழும் அச்சிட்டு, பக்கத்தில் சூரியனையும் பிறையையும் போட எவ்வளவு மை செலவாகும்?

நோன்பு மாதம் வருகிறது, போகிறது. மாளிகாவத்தையிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் வரும் சீனி நோயாளர்களில் பலர் நோன்பு பிடிக்கிறார்கள். கிளினிக்கில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் திட்டுவார்கள் என்று அவர்களும் சொல்வதில்லை. சிலர் பகல் மாத்திரையை இரவு மாத்திரையோடு சேர்த்து விழுங்குகிறார்கள்; சிலர் மாதம் முழுவதும் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். இன்சுலினும் கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளும் வெறும் வயிற்றில் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடியவை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே, "நோன்பு பிடிக்கப் போகிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால், மருந்தின் அளவையும் நேரத்தையும் விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கும் நோன்பு துறக்கும் வேளைக்கும் ஏற்ப மாற்றலாம், எந்த அளவுக்குச் சீனி இறங்கினால் உடனே நோன்பை விட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கலாம், பிடிக்கவே கூடாத நிலையில் இருப்பவருக்கு அதை மரியாதையோடு விளக்கலாம். மார்க்கமே நோயாளிக்கு விலக்கு அளிக்கிறது என்பதை முஸ்லிம் தாதி ஒருவர் எடுத்துச் சொன்னபோது ஒரு முதியவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தப் பேச்சும் தமிழில்தான் நடந்தது.

தாலிக்கொடி விஷயமும் அப்படித்தான். சத்திரசிகிச்சைக்கு முன் நகைகளைக் கழற்ற வேண்டும். மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி உடலிலுள்ள உலோகத்தால் தோலைச் சுட்டுவிடலாம் என்ற காரணமும் நியாயமானது. ஆனால் காரணத்தைச் சொல்லாமல், "கழற்று, கழற்று" என்று கழுத்தில் கை வைக்கும்போது ஒரு பெண்ணின் மனம் என்ன பாடுபடும்? என் அண்ணிக்கு அது நடந்தது. தியேட்டருக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனார். இன்னொரு நாள், இன்னொரு விடுதியில், ஒரு சிங்களத் தாதி வேறொரு பெண்ணின் கணவரை உள்ளே அழைத்து, கொடியை அவர் கையாலேயே கழற்ற வைத்து, மஞ்சள் கயிறொன்றைக் கழுத்தில் கட்ட அனுமதித்தார். இரண்டு நிமிடம் எடுத்தது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு உள்ளே போனார். இரண்டு பேரும் ஒரே வைத்தியசாலையின் தாதியர்தான். முதலாமவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்பதே என் கேள்வி. நோயாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து மரியாதை கிடைக்கக்கூடாது.

ஈசிஜி எடுக்கும்போது இழுத்துவிட வேண்டிய திரை சுவரோரம் சுருண்டு கிடக்கிறது. பர்தா அணிந்த பெண்கள் அதனால் அடுத்த தடவை வராமலே விடுகிறார்கள். திரை இருக்கிறது, இழுப்பதற்குக் கைதான் வேண்டும்.

கேட்காமல் முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2020 ஏப்ரலில், கொவிட் நோயால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அந்த விதி நீடித்தது. பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தை அந்த ஆண்டு டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் விதி மாற்றப்பட்டு, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தும் வைத்தியசாலைக்குப் போகப் பயந்து வீட்டுக்குள் கிடந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். வைத்தியசாலையை நம்பாதவர் நோயை மறைப்பார். நம்பிக்கை போன பிறகு எந்த மருந்தும் அவர்களைப் போய்ச் சேராது. உங்கள் அறிவித்தல் அந்த வர்த்தமானியோடு ஒப்பிடத் தகுந்த கொடுமை அல்ல. ஆனால் யாரைப் பாதிக்கும் என்று யாரிடமும் கேட்காமல் மேசையில் எழுதப்பட்டது என்பதில் இரண்டும் ஒன்று.

ஆளில்லை, பணமில்லை என்று பதில் வரும் என்பதை அறிவேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதும், இருப்பவர்கள் எப்படி இழுபடுகிறார்கள் என்பதும் வரிசையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், உரைபெயர்ப்பாளர் வீண் செலவு அல்ல. நோயாளி சொல்வது புரியாவிட்டால் வைத்தியர் தேவையற்ற பரிசோதனைக்கு எழுதுகிறார். மருந்தைத் தப்பாகக் குடித்தவர் அடுத்த வாரம் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஆலோசனை அரைமணி இழுக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்களையும் எண்ணிப் பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் சேவை செய்துவிட்டு, நோயாளியிடம் தமிழில் விசாரிக்குமளவுக்குக் கற்றுக்கொண்டு வந்த சிங்கள வைத்தியர்கள் உங்கள் விடுதிகளிலேயே இருக்கிறார்கள். தமிழ் பேசும் தாதியரும் சிற்றூழியர்களும் இருக்கிறார்கள். யார் யார், எந்த விடுதியில், எந்த முறையில் என்று ஒரு பட்டியல்கூட நிர்வாகத்திடம் இல்லை. களனியிலும் யாழ்ப்பாணத்திலும் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பைப் பாடமாகப் படித்து வேலை தேடும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே என் கோரிக்கைகள். அந்த அறிவித்தலைக் கழற்றுங்கள். அதே இடத்தில், மொழி உதவி வேண்டுவோர் எந்த மேசையைக் கேட்க வேண்டும் என்று இரண்டு மொழியிலும் ஒரே அளவு எழுத்தில் எழுதுங்கள். அந்த மேசையில் ஓர் ஆளையும் இருத்துங்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் பிரசவ விடுதியிலும் ஓர் உரைபெயர்ப்பாளராவது கடமையில் இருக்க வேண்டும். நேரில் முடியாத இடத்தில் தொலைபேசியிலாவது கிடைக்க வேண்டும். அவர்களுக்கு மருத்துவ உரைபெயர்ப்பில் பயிற்சியும் இரகசியம் காக்கும் கடப்பாடும் நிரந்தர நியமனமும் கொடுப்பது அமைச்சின் பொறுப்பு. 18 வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளையையும் உரைபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதை எழுத்து மூலம் தடை செய்யுங்கள். சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவமும், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் நோய் நிர்ணய அட்டையின் அறிவுறுத்தல்களும், மருந்து உறையும் தமிழிலும் இருக்க வேண்டும். தனக்குப் புரியாத தாளில் ஒருவருடைய பெருவிரல் அடையாளத்தை வாங்குவதைச் சம்மதம் என்று எந்தச் சட்டமும் ஏற்காது.

நோயாளியை விடுதியில் சேர்க்கும் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள், உணவிலோ நோன்பிலோ நாங்கள் அறிய வேண்டியது உண்டா, பரிசோதனையிலோ சத்திரசிகிச்சையிலோ நாங்கள் மதிக்க வேண்டிய வழக்கம் உண்டா. தாதியர் பயிற்சியில் இவற்றைக் கேட்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்; சொல்லிக்கொடுக்கக் கொழும்பின் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் மகளிர் சங்கங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். ஊழியர் மொழிப் பட்டியலை இந்த மாதமே தயாரிக்கலாம். அதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

இந்த மடலின் பிரதியை அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புகிறேன். உங்கள் பதிலை எழுத்தில், தமிழில், நீங்கள் எதை எந்தத் திகதிக்குள் செய்வீர்கள் என்ற விபரத்தோடு எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் கிளினிக்குக்கு வரும் நோயாளி ஒருவரின் மகள்